பொரி நமுக்காத பை

செய்தி வந்தபோது என் தலை ஒரு பைக்குள் இருந்தது.

இதை மறைத்துவிட்டுக் கண்ணியமாகத் தொடங்கலாம்தான். இந்த இரங்கல் கட்டுரையை எழுதச் சொன்ன வாசகசாலைச் செயலாளர் "ஆறாத் துயரம்" என்று முதல் இரண்டு சொல்லை அவரே போட்டுக் கொடுத்தார். ஆனால் ஓசூர் பஸ் நிலையத்தில் அன்று நின்றிருந்த எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். இனி மறைத்துப் பயனில்லை. கழுவிக் காயவைத்த பையில் பூஞ்சை வாடை போய்விட்டதா என்று அறிய வேறு வழி கிடையாது. கழுத்துவரை உள்ளே விட்டு மூச்சை இழுக்க வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே என் சைக்கிள் கடை வாசலில் நான் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, ராயக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். என் கூட்டாளி முனியப்பா அங்கே தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து, பை கழுவப் பூந்திக்கொட்டை மூட்டையை இந்தக் கண்டக்டர் கையில்தான் கொடுத்தனுப்புவார். அந்த நினைப்பில் பைக்குள்ளிருந்தபடியே, "அங்கயே ஓரமா வெச்சுட்டுப் போப்பா" என்றேன்.

கண்டக்டர் போகவில்லை. "அண்ணா, கொஞ்சம் தலையை வெளிய எடுங்க" என்றார். எடுத்தேன். முகமெல்லாம் பைக்குள் தூவியிருந்த சாக்பீஸ் பொடி. "முனியப்பா நேத்தே போயிட்டாரு. அவரு தங்கச்சி உங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு."

அந்த வெள்ளை முகத்தில் பிறகு இரண்டு கோடு விழுந்திருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வியர்வை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முனியப்பாவை உங்களில் பலருக்குப் 'பைக்காரர்' என்றால்தான் தெரியும். பேரிகைக்குத் தபால் கொண்டுபோகிறவர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அம்மை குத்தப் போகிறவர், ஊர் ஊராகத் துணி விற்கிறவர் எல்லோருடைய சைக்கிளிலும் பின் கேரியருக்கு இருபுறமும் தொங்குகிறதே, ரப்பர் பூசிய கித்தானில் இரட்டைப் பை, அது அவர் கையால் கழுவியது. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குத் தைத்தவை அவை. சண்டை முடிந்ததும் பெங்களூரில் மூட்டை மூட்டையாகத் தள்ளிவிட்டார்கள். பூஞ்சையும் சேறும் துருவுமாகக் கிடந்ததை அவர் வாங்கி வருவார். என் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நாங்கள் இருவரும் கழுவுவோம். ஏழு வருஷம்.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை நான் 'அவன்' என்றுதான் சொன்னேன். அவர் ஊருக்கு வெளியே சேரியில் பிறந்தவர். நான் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். நிலம் போய்விட்டது, வாய்ப்பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரையில் அவரை 'அவர்' ஆக்கியிருக்கிறேன். மரியாதை கொடுக்க நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

அவர் முதன்முதலில் வந்தது ஏழு பையைத் தலையில் சுமந்துகொண்டு. பங்க்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை ஒரு நாளைக்குத் தருவேனா என்று கேட்டார். "சாமி, சாமி" என்று வாக்கியத்துக்கு இரண்டு முறை சொன்னார். பையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சேர்ந்தே செய்யலாம் என்றேன். கழுவுவதில் என்ன பிரமாதம்? எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே ஒரு பையைக் கழுவிக் காட்டிவிட வேண்டும் என்று முனைந்தேன். சைக்கிள் செயினுக்கு எது ஆகுமோ அது பைக்கும் ஆகும் என்பது என் கணக்கு. மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். அழுக்கு அற்புதமாகப் போயிற்று. பெட்டிமேல் வைத்துவிட்டு, களைத்துப்போய், அதே பெட்டிமேல், அதே பைமேல் உட்கார்ந்தேன். முனியப்பா வந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. ரப்பர் இளகி என் வேட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்தால் பையும் எழுந்தது.

அவர் சிறிது நேரம் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "ஏனப்பா, பையைக் கழுவினியா, பைக்கும் உனக்கும் முடிச்சுப் போட்டாங்களா?" என்றார்.

அந்தக் கணத்தில்தான் 'சாமி' போய் 'ஏனப்பா' வந்தது. கன்னடத்தில் கூட்டாளியைக் கூப்பிடுகிற சொல். இந்த எல்லைப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஒரு மனிதன் பின்னால் பை ஒட்டி நிற்கும்போது 'சாமி' என்று கூப்பிட யாருக்குத்தான் வரும்? கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டி என்னை விடுவித்துக்கொண்டே சொன்னார்: "ரப்பரு மனுசத் தோலு மாதிரி ஏனப்பா. மண்ணெண்ணெ ஆகாது, கொதிக்கிற தண்ணி ஆகாது, வெய்யிலு ஆகாது. வெதுவெதுன்னு நடந்துக்கிட்டா சொன்ன பேச்சு கேக்கும்."

அவர் வேலை செய்யும் விதம் வேறு. பை கைக்கு வந்ததும் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார். முதலில் எல்லா அறையிலும் கைவிட்டுத் துழாவுவார். ஒற்றைக் காலுறை, பித்தளைப் பொத்தான், பாதி தேய்ந்த சோப்பு, ஒருமுறை யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு கடிதம். எதையும் எறியமாட்டார். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். "இதை வெச்சிருந்தவன் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கான். மொதல்ல அவனை மரியாதையா வெளிய கூட்டிட்டு வரணும். அப்புறம்தான் கழுவணும்" என்பார். பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் சேறு தட்டி, பூந்திக்கொட்டை நுரையில் வெளிப்புறத்துக்குத் தேங்காய் நார், உட்புறத்துக்குப் பழைய மல் துணி. பக்கிள்களுக்குப் புளி. நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கடைசியில் உள்ளே சாக்பீஸ் பொடி.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. இது அவர் கண்டுபிடிப்பு. ஒரு கைப்பிடிப் பொரியைப் பைக்குள் போட்டுப் பக்கிளை இறுக்கிக் கட்டி மரத்தில் மாட்டுவார். நான் குடம் குடமாக மேலே தண்ணீர் ஊற்றுவேன். பத்துக் குடம் ஆனதும் திறந்து, ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வோம். மொறுமொறுவென்றால் பை தேறியது. நமுத்திருந்தால் தையல் ஓரம் எங்கோ விட்டிருக்கிறது, சொல்யூஷன் தடவி மறுபடி பத்துக் குடம். ஒரே பைக்குள் இரண்டு கையும் போகும். அவர் கை முதலில், என் கை பிறகு. கொட்டகைக்குள் எனக்கு அதில் ஒன்றுமே தோன்றியதில்லை. வேலை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் சாப்பிடலாம் போலிருக்கிறது.

கொட்டகையிலிருந்து என் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே வரும்போது முனியப்பா மாறிவிடுவார். மூங்கில் படலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, மணி அடிக்காமல், "சாமி இருக்காங்களா?" என்பார். அரை மணிக்கு முன்பு என் தலையில் நுரையை வழித்துப் போட்ட அதே ஆள். நானும் மாறிவிடுவேன். வெளியே போய்ப் படலை எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு, "என்ன முனியப்பா?" என்பேன், ஊருக்குக் கேட்கிற குரலில். எங்கள் தெருவில் ஏழு வீடு. ஏழு வீட்டு ஜன்னலும் அந்த நேரத்தில் காற்று வாங்கும்.

மாநிலம் பிரிக்கிற பேச்சு நடந்தபோது ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கடைவாசலில் தினம் கூட்டம். ஒருநாள் நான் கொட்டகைக்குள் போய், "முனியப்பா, உனக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். பக்கிள் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "எந்தப் பக்கம் போனாலும் என் வீடு ஊருக்கு அந்தப் பக்கந்தானே ஏனப்பா." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மூத்த பெண் கனகாவுக்கு எட்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டர் எழுதிய மருந்து பெங்களூரில்தான் கிடைக்கும். அடைமழை. அத்திப்பள்ளிக்கு அப்பால் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, பஸ் இல்லை. நான் கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். முனியப்பா என் சட்டைப் பையிலிருந்து சீட்டை அவரே எடுத்தார்.

"இருபத்தஞ்சு மைலுப்பா. தண்ணி ஓடுது" என்றேன்.

"சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டா ஓடுற தண்ணி என்ன பண்ணும்? நீ வீட்டுக்குப் போ. நெத்தியில துணி போட்டுக்கிட்டே இரு."

மறுநாள் பிற்பகலில் படலுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டது. "சாமி இருக்காங்களா?"

மழை இன்னும் விடவில்லை. முழங்காலில் தோல் உரிந்திருந்தது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பையைக் கழற்றிப் படலுக்கு மேலாக நீட்டினார். வீட்டுக்குள் ஓடித் திறந்தேன். பொட்டலங்கள் அடுப்படியிலிருந்து எடுத்ததுபோல உலர்ந்திருந்தன. அவற்றின்மேல் காகிதத்தில் கொஞ்சம் பொரி. பரீட்சை. என் மனைவி முதல் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது நான் ஒரு பொரியை வாயில் போட்டேன். மொறுமொறுவென்றிருந்தது.

ஜன்னல் வழியாக என் மனைவி வெளியே பார்த்தாள். "நிக்கிறாரு, நனையறாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

காலிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவரிடம் நீட்டினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு என் குடையைக் கொடுத்தேன். ஒன்றரை நாள் மழையில் ஊறி, இனி நனைய ஓர் அங்குலம் பாக்கியில்லாத மனிதனுக்கு, "நனையாமப் போ" என்று சொல்லிக் குடை கொடுத்த ஒரே ஆள் இந்தத் தாலுக்காவில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சரிங்க சாமி. புள்ளை பொழைச்சுக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் கொட்டகையில் குடையைத் திருப்பித் தந்தார். தொட்டுப் பார்த்தேன். துளி ஈரம் இல்லை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"விரிக்கலையா?"

"பைக்குள்ள போட்டுக்கிட்டேன் ஏனப்பா. உன் குடை எதுக்கு நனையணும்?"

கனகா பிழைத்துக்கொண்டாள். நேர்ந்துகொண்டபடி கிடா வெட்டினோம். தெருவே வந்து சாப்பிட்டது. பெங்களூருக்குப் போகாதவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை குழம்பு கேட்டார்கள். முனியப்பாவுக்கு நான் தூக்குப் போசியில் சோறும் கறியும் போட்டு, நானே சுமந்து, கொட்டகைக்குக் கொண்டுபோனேன். நானே சுமந்தது பெரிய காரியம் என்று அன்று எனக்கு நினைப்பு.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். எலும்பைக் கடித்துக்கொண்டே, "உன் வீட்டுச் சோத்துக்கு இங்க வர வழி தெரியுது ஏனப்பா. என் காலுதான் மக்கு, ஏழு வருசமாகியும் அங்க வர வழி தெரியலை" என்றார். குரலில் கோபம் இல்லை. "வீட்ல பொம்பளைங்க எல்லாம்..." என்று இழுத்தேன். "பிடப்பா, போகட்டும்" என்று, கன்னடத்தில் 'விட்டுத்தள்ளு' என்பதாகச் சொல்லிவிட்டு, அவர் போசியைக் கழுவப் போய்விட்டார்.

அன்று மாலை நான் சொன்ன சாக்கை என் மனைவியிடமே சொல்லித் தொலைத்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "நான் எப்போ வேணாம்னேன்? என் பேரை எதுக்கு அங்க கொண்டுபோய் வெச்சீங்க?" என்றாள். பிறகு மறுபடி நறுக்கினாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் அவருக்கு இருமல் கண்டது. ஈரத்திலேயே நின்ற உடம்பு. மனைவி எப்போதோ இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. சேரிக் குடிசையில் அவர் இருமினால் கேட்க ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். காலையில் கொட்டகைக்கு வந்ததும் முதல் கால் மணி நேரம் விடாமல் பேசுவார். முந்தின மாலையிலிருந்து பேசாமல் இருந்தவர் பேசுகிற பேச்சு அது. சைக்கிள் கடைக்காரன், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், நானும் அந்தக் கால் மணிக்காகவே சீக்கிரம் கடை திறந்தேன். வீட்டில் அத்தனை பேர் இருந்தும் என்னிடம் "ஏனப்பா" என்று ஒருவர் கேட்பது அங்கே மட்டும்தான்.

தங்கை சொல்லியனுப்பி ராயக்கோட்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பஸ் ஏறும்போது, "பொரியை மறந்துடாத. தண்ணி ஊத்திட்டு, திங்காமத் திறந்து பாத்தா போதும்னு நினைக்காத. கண்ணு பொய் சொல்லும், பல்லு சொல்லாது" என்றார். நான் மருந்தைப் பற்றி, கம்பளியைப் பற்றி, பூந்திக்கொட்டையைப் பற்றி நிறையப் பேசினேன்.

செய்தி வந்த அன்றே ராயக்கோட்டைக்குப் போனேன், பஸ்ஸில். அவ்வளவு சைக்கிள் வைத்திருந்தும் ஒன்றையும் எடுக்கவில்லை. நான் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மலைக்கு அடிவாரத்தில் கடைசி வீடு என்றார்கள். வாசலில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்றும் தெரியவில்லை. படல்கூட இல்லாத வீடு அது.

தங்கை எட்டிப் பார்த்தாள். ஓசூர் ஆள் என்று கண்டதும் புரிந்துகொண்டாள்.

"சைக்கிள் கடை சாமிங்களா? ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அவ்வளவுதான். யோசிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக எனக்கு எடுக்க வராத இரண்டு சொல்லை அவள் ஒரே மூச்சில் எடுத்து வைத்துவிட்டாள். குனிந்து உள்ளே போனேன். ஒரு சாக்கை உதறி விரித்தாள். "எங்க வீட்டுல தண்ணி குடிப்பீங்களா சாமி?" என்று மட்டும் தயங்கிக் கேட்டாள். குடித்தேன். இதை வீரமாக எழுதவில்லை. அங்கே என் தெருவின் ஜன்னல் ஒன்றும் இல்லை.

"உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல. என் கூட்டாளி வீடு பெரிய வீடு, முருங்கை மரம் இருக்கு, புள்ளைங்க அஞ்சுன்னு சொல்லும்" என்றாள். "அங்க நிறைய சாப்பிட்டிருக்கும் போல. உங்க வீட்டுக் கறிக்குழம்பு மாதிரி வராதுன்னு என்னைத் திட்டும்."

தன் தங்கையிடம் என்னை அவர் எப்படி நிறுத்தி வைத்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது மூலையில் மாட்டியிருந்த இரட்டைப் பையைக் கொடுத்தாள். பெங்களூர் போய்வந்த அதே பை. பிஸ்கட் டப்பா அதற்குள் இருந்தது. காலுறை, பொத்தான், யாரும் படிக்காத கடிதம். பையின் அடியில் காகிதத்தில் கொஞ்சம் பொரி. எப்போது போட்டாரோ. பஸ்ஸில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நமுக்கவில்லை. பொரியைத் தனியாகத் தின்றால் சத்தம் அதிகம். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பை, அந்த டப்பா, பல்லால் பார்க்கிற பரீட்சை. தையல் விட்ட இடத்தைக் காட்ட எனக்கு இனி ஆளில்லை. கொட்டகையில் காலையில் நானே பேசிக்கொள்கிறேன், நானே பதில் சொல்கிறேன். "ஏனப்பா" என்பதை மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

போன வாரம் நல்ல மழை. வீட்டில் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நான் எழுந்து போய் மூங்கில் படலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது, தெருவில் ஒருவரும் இல்லை. யாருக்கும் கேட்டிருக்காது. அப்போதும் அந்த இரண்டு சொல் வாய்விட்டு வரவில்லை. எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன்.

உள்ள வா, முனியப்பா.